மலை தாண்டும் கழிவுநீர்

கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 6,225 அடி உயரத்தில் இருக்கிறது டாஹோ ஏரி. அதன் தென்கரையில் சௌத் லேக் டாஹோ என்றொரு சிற்றூர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். கோடையிலும் பனிச்சறுக்குக் காலத்திலும் கூட்டம் பல மடங்காகப் பெருகும். அந்த ஊரின் சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்ட பின்னும் ஏரிக்குப் போவதில்லை. பம்புகள் அதை மலையேற்றி, 7,740 அடி உயரமுள்ள லூதர் கணவாயைத் தாண்டவைத்து, பக்கத்து ஆல்பைன் கவுண்டியின் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே அது மேய்ச்சல் நிலத்துக்கும் குதிரைமசால் வயல்களுக்கும் பாய்கிறது. 1968 முதல் இப்படித்தான் நடக்கிறது. ஏரிப் படுகைக்குள் கழிவுநீரை விடக் கூடாது, வெளியேற்றியே ஆக வேண்டும் என்று கலிபோர்னியாவின் 1969ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் கட்டளையிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நெவாடா கரையும் அதே வழிக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டைச் சுற்றுச்சூழல் வரலாற்றின் பெருவெற்றி என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. இதைப் பணத்தையும் மின்சாரத்தையும் விழுங்கும் வீண் வேலை என்பவர்களும், ஒருவர் அழுக்கை இன்னொருவர் வாசலில் கொட்டும் செயல் என்பவர்களும் உண்டு. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால் "இரண்டும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போவது திறனாய்வு ஆகாது. இன்றைக்கும் ஏரிக்கரை ஊர்கள் பலவும் இதே முடிவின் முன்னால் நிற்கின்றன: கழிவை அங்கேயே நன்றாகச் சுத்தம் செய்து ஏரியில் விடுவதா, அல்லது எவ்வளவு செலவானாலும் ஏரியின் எல்லைக்கு அப்பால் அனுப்புவதா? டாஹோவில் இரண்டுமே முழு மூச்சுடன் முயலப்பட்டன. அதனால்தான் அந்த ஊரின் கணக்கைப் பைசா பாக்கியில்லாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஏரி. அதன் ஆழம் 501 மீட்டர், பரப்பு சுமார் 495 சதுர கிலோமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 150 கன கிலோமீட்டர். அறுபதுக்கு மேற்பட்ட ஓடைகளும் ஆறுகளும் உள்ளே வருகின்றன. வெளியேற ஒரே வாய்தான், வடமேற்கில் டாஹோ சிட்டியில் தொடங்கும் ட்ரக்கி ஆறு. வயிறு பெருத்து வாய் சிறுத்த குடம் போன்ற ஏரி அது. உள்ளே வரும் நீர் சராசரியாக 650 ஆண்டுகள் தங்குகிறது என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஆற்றங்கரை ஊருக்கும் ஏரிக்கரை ஊருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் பிறக்கிறது. ஆற்றில் விட்ட அழுக்கு கீழே போய்விடும். டாஹோவில் விட்டது போகாது. பத்து தலைமுறைக்கு முன் ஒருவர் விட்ட நைட்ரஜன்கூட ஏரியின் வரவுசெலவில் எங்கோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதோடு, இந்த ஏரியின் சிறப்பே அதில் ஊட்டம் இல்லாததுதான். சுற்றிலும் கருங்கல் மலை. நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. ஆகவே பாசி வளரவில்லை, ஆகவே தெளிவு. 1873இல் இயற்பியலாளர் ஜான் லெகான்ட் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, 33 மீட்டர் ஆழம்வரை அதைக் கண்ணால் கண்டார். 1950களின் இறுதியிலிருந்து டேவிஸ் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கோல்ட்மன் அதே ஏரியை ஆய்ந்துவந்தார். 1968இல் ஆண்டுச் சராசரித் தெளிவு 31.2 மீட்டர். இன்றைக்கும் அளவு எடுப்பது அதே முறையில்தான்: சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வெள்ளைத் தட்டு, படகின் நிழல்பக்கம், கண் அதைத் தவறவிடும் ஆழம், மெல்ல மேலே இழுக்கும்போது மறுபடி தென்படும் ஆழம், இரண்டின் நடுப்புள்ளி. இவ்வளவு எளிய கருவியில் ஒரு ஏரியின் உடல்நிலை முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது.

1950களில் இந்தக் கரையில் ஊர் வளரத் தொடங்கியது. 1960இல் அருகிலுள்ள ஸ்குவா வேலியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது, சாலைகள் வந்தன, நெவாடா எல்லையில் சூதாட்ட விடுதிகள் பெருகின. பெரும்பாலான வீடுகளுக்குச் செப்டிக் டேங்குதான். மண் மெல்லியது, அடியில் பாறை, ஆண்டில் பாதி நாள் பனி. அந்த மண்ணில் செப்டிக் டேங்க் வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் நைட்ரேட் நிலத்தடி நீரோடு நகர்ந்து ஏரியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. 1950இல் தென்கரையில் பொதுப் பயன்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டு, பாதாளச் சாக்கடை போடப்பட்டது. சுத்திகரித்த நீரை என்ன செய்வது? சில ஆண்டுகள் அதைக் காட்டுச்சரிவில் தெளித்தார்கள். மண் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஹெவன்லி வேலி ஓடை. தெளிப்பை நிறுத்திய பின்னும் சில ஆண்டுகள் அந்த ஓடை நைட்ரேட்டைச் சுமந்துகொண்டிருந்தது என்பதை கோல்ட்மன் குழுவினர் அளந்து 1975இல் வெளியிட்டார்கள். இந்த வழக்கில் எனக்கு மிக வலுவாகத் தெரியும் சாட்சியம் இதுதான். "நிலத்தில் விட்டால் நிலம் பார்த்துக்கொள்ளும்" என்ற பழைய வாதம் இந்த மண்ணில் செல்லாது என்று அது காட்டுகிறது. மண் கொஞ்ச காலம் வைத்திருக்கும், பிறகு வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். ஆகவே படுகைக்குள்ளேயே நிலத்தில் விடுவது என்ற வழி அடைபட்டது. மிச்சம் இரண்டு: சுத்திகரித்து ஏரியில் விடு, அல்லது மலைக்கு அப்பால் அனுப்பு.

முதல் வழியை அந்த ஊர் எவ்வளவு தீவிரமாக முயன்றது என்பதைச் சொல்லாமல் தீர்ப்பு எழுதுவது அநியாயம். ரஸல் கல்ப் தலைமையிலிருந்த வாரியமும், கிளேர் ஹில் என்பவரின் பொறியியல் நிறுவனமும் சேர்ந்து 1965இலும் 1968இலும் கட்டியெழுப்பியது, உலகில் முழு அளவில் இயங்கிய முதல் உயர்நிலைச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று. நாளொன்றுக்கு 75 லட்சம் காலன், அதாவது 2.8 கோடி லிட்டர் கொள்ளளவு. வழக்கமான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்கு மேலே, சுண்ணாம்பைக் கொட்டி நீரின் pH அளவை 11க்கு ஏற்றி பாஸ்பரஸைப் படியவைத்தார்கள். பிறகு காற்றுக் கோபுரத்தில் அம்மோனியாவை விரட்டினார்கள். அடுத்து வடிகட்டி. அதன் பின் கரிப் படுகைகள். கடைசியில் குளோரின். பயன்பட்ட சுண்ணாம்பை உலையில் சுட்டு மறுபடி சுண்ணாம்பாக்கினார்கள். களைத்த கரியையும் சுட்டுப் புதுப்பித்தார்கள். வெளியே வந்த நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பல நாட்டுப் பொறியியலாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள். 1971இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அந்த நிலையத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

அந்தக் காற்றுக் கோபுரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். உள்ளே மரச்சட்டங்கள் அடுக்கடுக்காக. மேலிருந்து காரநீர் சொட்டுச் சொட்டாக உடைந்து விழும். பக்கவாட்டிலிருந்து பெரிய விசிறி காற்றை இழுக்கும். காற்றோடு அம்மோனியா போய்விடும். கோடையில் அழகாக வேலை செய்தது. குளிர் வந்தால் அம்மோனியா நீரைவிட்டுப் போக மறுத்தது. உறைநிலைக்குக் கீழே போன நாட்களில் கோபுரமே உறைந்தது. ஆண்டு முழுவதும் சட்டங்களின் மேல் சுண்ணாம்புக் காரை படிந்து தடித்தது, அதைச் சுரண்டியெடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஓர் ஊர் பனிச்சறுக்கால் பிழைக்கிறது. பனிக்காலத்தில் அங்கே கூட்டம் பெருகுகிறது. நைட்ரஜனை அகற்றும் கருவி அப்போதுதான் படுத்துக்கொள்கிறது. இது நிர்வாகக் கோளாறு அன்று. அந்த உயரத்தில் அந்தத் தொழில்நுட்பத்துக்கு இயற்கையே போட்ட வரம்பு.

இனி கணக்கு. கொள்ளளவில் பாதியளவே, நாளொன்றுக்கு 1.42 கோடி லிட்டர், கழிவுநீர் வருவதாக வைத்துக்கொள்வோம். அம்மோனியா அகற்றப்படாத, வழக்கமான முறையில் சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால், நாளுக்கு 284 கிலோ, ஆண்டுக்கு 100 டன்னுக்குச் சற்று மேல். டாஹோ ஏரிக்கு எல்லா வழிகளிலும் சேர்ந்து ஆண்டுதோறும் வரும் மொத்த நைட்ரஜன் சுமார் 397 டன் என்று இரு மாநில அரசுகளின் பிந்தைய மதிப்பீடு சொல்கிறது. அதாவது ஒரே ஒரு ஊரின் கழிவுநீர் மட்டும் ஏரியின் சுமையைக் காற்பங்கு கூட்டியிருக்கும். வடகரையும் நெவாடா கரையும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

பாஸ்பரஸுக்கு விடை வேறு மாதிரி வருகிறது. அந்தக் காலத்துச் சோப்புத்தூளில் பாஸ்பேட் ஏராளம். லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்றாலும் ஆண்டுக்கு 41 டன் ஆகியிருக்கும். ஏரியின் இன்றைய மொத்தப் பாஸ்பரஸ் வரவு 46 டன்தான். கிட்டத்தட்ட இரட்டிப்பு! ஆனால் சுண்ணாம்பு முறை அதை லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவுக்கு இறக்கக்கூடியது. அப்போது ஆண்டுக்கு அரை டன். ஆக, பாஸ்பரஸைப் பொறுத்தவரை சுத்திகரிப்பே போதும் என்ற தரப்பு வாதத்தில் வென்றுவிடுகிறது. நைட்ரஜனில் தோற்கிறது.

இங்கே நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1960களில் அந்த ஏரியில் பாசி பெருகுவதைத் தடுத்து வைத்திருந்தது நைட்ரஜன் பற்றாக்குறைதான் என்று சோதனைகள் காட்டின. அதனால்தான் நைட்ரஜனைக் கண்டு அவ்வளவு பயம். பிந்தைய ஆண்டுகளில் வாகனப் புகையும் காற்றில் மிதந்து வரும் மாசும் நைட்ரஜனை ஏரியின் மேலேயே கொட்டத் தொடங்கின. இன்றைய வரவில் பாதிக்கு மேல், 218 டன், வானத்திலிருந்து இறங்குகிறது. விளைவாக ஏரி மெல்லப் பாஸ்பரஸுக்கு ஏங்கும் ஏரியாக மாறிவிட்டது. அப்படியானால் பாஸ்பரஸைத் திறமையாக அகற்றும் நிலையம் இருந்தபோது வெளியேற்றம் தேவைதானா என்று கேட்கலாம். இது நல்ல கேள்வி. இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பின் மிகக் கூர்மையான ஆயுதம் இதுதான்.

என் பதில்: அந்தச் சமநிலை மாறும் என்று 1968இல் யாராலும் சொல்லியிருக்க முடியாது, நாளைக்கு மறுபடி மாறாது என்று இன்றைக்கும் யாராலும் உறுதி கூற முடியாது. 650 ஆண்டு நீரை வைத்திருக்கும் ஏரியில், எந்த ஊட்டம் இப்போது பற்றாக்குறை என்பதை வைத்து மற்றதைத் தாராளமாக விடுவது சூதாட்டம். போதாக்குறைக்கு அந்தத் திறமையான பாஸ்பரஸ் அகற்றலும் நிலைக்கவில்லை. அம்மோனியாக் கோபுரம், சுண்ணாம்பு, கரி எல்லாம் செலவாலும் சிக்கலாலும் காலப்போக்கில் கைவிடப்பட்டன. ஏரியின் கதி ஒரு சிற்றூரின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. இயந்திரம் நிற்கலாம். மலைக்கு அப்பால் போன நீர் ஏரிக்குத் திரும்பி வராது.

அடுத்து, அடிக்கடி கேட்கும் ஓர் எதிர்ப்பு: கழிவுநீரை வெளியேற்றியும் ஏரியின் தெளிவு குறைந்துகொண்டே வந்ததே? 1968இல் 31.2 மீட்டர். 1997இல் 19.5. 2017இல் 18 மீட்டர் சொச்சம், இதுவரை பதிவானதில் மிக மோசம். 2023இல் 20.8. குழாய்க்குச் செலவழித்தது வீண்தானே?

இந்த வாதம் கேட்பதற்கு எளிது, தர்க்கத்தில் ஓட்டை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியோடு ஒப்பிட்டால் ஓட்டை தெரியும். அங்கே கழிவுநீர் பல ஆண்டுகள் ஏரியிலேயே விழுந்து, 1950களில் நீலப்பச்சைப் பாசி பூத்து நாறியது. 1963 முதல் 1968 வரை கழிவுநீரைத் திசைதிருப்பினார்கள். சில ஆண்டுகளிலேயே ஏரி தெளிந்தது. வந்த நோய்க்கு மருந்து கொடுத்தார்கள், நோய் குறைந்தது. அந்த ஏரியில் நீர் தங்குவதும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். டாஹோவில் பெருமளவுக் கழிவுநீர் ஏரிக்குள் போவதற்கு முன்பே தடுத்துவிட்டார்கள். வராத நோயைத் தடுத்ததன் பலனை, வேறொரு நோய் வந்திருக்கிறதே என்று காட்டி மறுக்க முடியாது. மேலே போட்ட கணக்குதான் அந்தப் பலன்: வராமல் போன நூறு டன் நைட்ரஜன், ஆண்டுதோறும்.

வந்த வேறு நோய் எது என்பது 2011இல் ஏற்கப்பட்ட மாசு வரம்புத் திட்டத்தில் தெளிவாக இருக்கிறது. தெளிவைக் கெடுப்பதில் முதன்மையானது 16 மைக்ரானுக்குச் சிறிய மண்துகள். அதில் 72 விழுக்காடு ஊர்ப்பகுதியிலிருந்து மழைநீரோடும் உருகும் பனியோடும் வருகிறது. சாலையில் சறுக்காமல் இருக்கப் போடும் மணல், சக்கரங்களின் கீழ் மாவாக அரைபட்டு ஏரிக்குப் போகிறது. நுண்துகள் கீழே படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று குழாயின் ஆதரவாளர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே நான் அவர்களோடு பிரிகிறேன். சம்பந்தம் உண்டு.

செப்டிக் டேங்கை மட்டும் நம்பியிருக்கும் ஊர் ஓரளவுக்கு மேல் வளர முடியாது. மண்ணே "போதும்" என்று சொல்லிவிடும். பாதாளச் சாக்கடையும், எவ்வளவு வந்தாலும் மலைதாண்டி அனுப்பும் குழாயும் வந்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. மனைப்பிரிவுகள், விடுதிகள், வாகன நிறுத்தங்கள் எல்லாம் "கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்தது" என்ற நிம்மதியில் எழுந்தன. குழாய்தான் வளர்ச்சிக்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அது மிகை. ஒலிம்பிக்கும் நெடுஞ்சாலையும் சூதாட்ட விடுதிகளும் குழாய்க்கு முன்பே வந்தவை. அப்பர் ட்ரக்கி ஆற்றின் முகத்துவாரச் சதுப்பைத் தோண்டி டாஹோ கீஸ் என்ற படகுக் குடியிருப்பைக் கட்டத் தொடங்கியதும் அப்படியே. ஏரிக்கு வரும் ஆறுகளில் பெரியது அது. அந்தச் சதுப்பு மண்ணைப் பிடித்து வைத்த இயற்கை வடிகட்டி. அதை வெட்டிக் கால்வாயாக்கியது ஈடுசெய்ய முடியாத இழப்பு. இன்றைக்கு அந்தக் கால்வாய்களில் அந்நியக் களைகள் மண்டி, ஏரி முழுவதையும் அச்சுறுத்துகின்றன. ஆனாலும் வளர்ச்சிக்கு இருந்த ஒரு கடிவாளத்தைக் குழாய் கழற்றிவிட்டது. அதற்குப் பதிலாக இன்னொன்றை யாரும் உடனே மாட்டவில்லை. இரு மாநிலத் திட்டமிடல் அமைப்பு 1969இல் தொடங்கப்பட்டும், ஆண்டுக்கு இத்தனை வீடுதான் என்ற கறாரான ஒதுக்கீடு வந்து சேர 1980கள் ஆயின. அந்த இடைவெளிக்குள் போடப்பட்ட தார்ச்சாலைகளின் துகளும் இன்று ஏரியில் மிதக்கிறது.

குழாயின் சொந்தக் குறைகளும் சிறியவை அல்ல. ஏரி மட்டத்திலிருந்து கணவாய்க்கு ஏறத்தாழ 450 மீட்டர் ஏற்றம். ஆயிரம் லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க, இயற்பியல் கணக்குப்படியே 1.2 யூனிட் மின்சாரம். பம்பின் இழப்பையும் குழாயின் உராய்வையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட்டைத் தாண்டும். அதே ஆயிரம் லிட்டரை வழக்கமான முறையில் சுத்திகரிக்க சுமார் அரை யூனிட் போதும். சுத்தம் செய்வதைவிடத் தூக்குவதற்கே அதிகச் செலவு, தினமும், என்றைக்கும். வடகரை இதைவிட மலிவான வழியைக் கண்டது: 1978 முதல் அங்குள்ள கழிவுநீர் ட்ரக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவோடு இறங்கி, ட்ரக்கி நகரருகே உள்ள நிலையத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் நீக்கப்பட்டு, மண்வழியே ஆற்றைச் சேருகிறது. அங்கேயும் கீழே ரீனோ நகரமும் பையூட் மக்களின் பிரமிட் ஏரியும் இருக்கின்றன; ஆகவே அங்கே சுத்திகரிப்பின் தரத்தைக் கைவிட முடியவில்லை. இது முக்கியமான வேற்றுமை.

ஏனென்றால் தென்கரையின் நீர் போய்ச் சேரும் ஆல்பைன் கவுண்டி கலிபோர்னியாவிலேயே மக்கள்தொகை குறைந்தது. சுமார் 1,200 பேர். அங்கே உட்ஃபோர்ட்ஸ் அருகில் வாஷோ பழங்குடிக் குடியிருப்பும் இருக்கிறது. வாஷோ மக்கள் டாஹோ கரையைக் காலங்காலமாகத் தங்கள் கோடை வாழிடமாகக் கொண்டிருந்தவர்கள். கரையை இழந்தவர்களின் பக்கத்துக்கே கரையின் கழிவுநீரும் வந்தது. 1968இல் இந்தியன் கிரீக் நீர்த்தேக்கத்தில் அந்த நீரை நிரப்பி, டிரவுட் மீன் விட்டு, தூண்டில் போடும் இடமாக்கினார்கள். சுத்திகரிப்பின் வெற்றிக்கு விளம்பரமாக அது விளங்கியது. பிறகு ஊட்டம் மிகுந்து பாசி பிடித்தது. 1989இல் கழிவுநீர் ஹார்வி பிளேஸ் என்ற வேறு நீர்த்தேக்கத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் வண்டலில் தங்கிய பாஸ்பரஸ் இந்தியன் கிரீக்கில் தொடர்ந்து தொல்லை கொடுத்தது. அதற்கென்று தனியாக ஒரு பாஸ்பரஸ் வரம்பு விதிக்க வேண்டிய நிலை 2000களில் வந்தது. டாஹோவுக்கு வரவிருந்த நோய் சிறு அளவில் இங்கே வந்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். உழவர்களுக்கு வறண்ட மண்ணில் நீர் கிடைத்தது, அதில் உரமும் இருந்தது; அந்த நன்மை உண்மையானது. எனினும் ஏரியைக் காக்க உயர்நிலைச் சுத்திகரிப்பு, பக்கத்து ஊருக்கு அதைவிடக் குறைந்த சுத்திகரிப்பு போதும் என்ற கணக்கில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. "வயலுக்குத்தானே போகிறது" என்று அதை மூட முடியாது.

குழாய் எப்போதும் கவனம் கேட்கும் பொருள். வடகரையில் ஏரியை ஒட்டிய சாக்கடைக் குழாய்கள் கட்டுமானப் பணியில் துளைபட்டு, 2005இல் கிங்ஸ் பீச்சிலும் 2024இல் கார்னிலியன் பேயிலும் பல்லாயிரம் காலன் கழிவுநீர் கசிந்தது. நிலையத்தின் தொழில்நுட்பம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும், கரையோரக் கழிவு நீர்விளிம்பை ஒட்டி ஓடும் குழாயை நம்பியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கால்டோர் காட்டுத்தீ எக்கோ உச்சியைத் தாண்டி இறங்கியபோது சௌத் லேக் டாஹோ முழுவதும் காலிசெய்யப்பட்டது. தீ இறங்கிய கிறிஸ்மஸ் பள்ளத்தாக்குதான் லூதர் கணவாய்க்குப் போகும் வழி. அந்தப் பக்கம் பம்பு நிலையம் எரிந்திருந்தால், கழிவுநீரை வெளியேற்ற மாற்று வழி எதுவும் இருந்திருக்காது. சட்டமும் ஒரே வழியைத்தான் விட்டுவைத்திருக்கிறது.

இவ்வளவையும் எடைபோட்டுச் சொல்கிறேன்: வெளியேற்றியது சரி. 650 ஆண்டு நீரைப் பிடித்து வைக்கும் ஏரிக்கு, குளிரில் படுத்துவிடும் நைட்ரஜன் கோபுரத்தையும், செலவு கூடினால் நின்றுபோகும் சுண்ணாம்புத் தொட்டியையும் காவலுக்கு வைத்திருக்கக் கூடாது. மின்செலவு பெரிதுதான், ஆனால் மின்சாரத்தை வேறு வழியில் ஈடுகட்டலாம், ஏரியில் கரைந்த நைட்ரஜனை எந்த வழியிலும் திரும்ப எடுக்க முடியாது. தெளிவு குறைந்ததைக் காட்டிக் குழாயைத் தள்ளுபடி செய்யும் வாதத்தை நான் ஏற்கவில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு டாஹோவுக்கு மட்டுமே. நீர் ஓரிரு ஆண்டில் மாறிவிடும் ஏரி, பாஸ்பரஸ் மட்டுமே பிரச்சினையாக உள்ள ஏரி, கீழே ஆறும் ஊரும் அடுத்தடுத்து இருக்கும் ஏரி, இவற்றுக்கு டாஹோவின் பெயரைச் சொல்லிக் குழாய் போடுவது கணக்குப் போடாத வேலை. அங்கெல்லாம் நல்ல சுத்திகரிப்பே வெல்லக்கூடும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் குளிரிலும் நைட்ரஜனை நீக்கும் உயிரியல் முறைகள் நிலைபெற்றுவிட்டன. 1968இல் அந்த வாய்ப்பு இல்லை.

டாஹோவிலேயே இரண்டு விஷயங்களில் அந்த முடிவை எடுத்தவர்கள் தவறினார்கள் என்றே எழுத வேண்டும். குழாய் இணைப்பையும் நிலப் பயன்பாட்டுக் கட்டுப்பாட்டையும் ஒரே சட்டத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒன்று 1968இல், மற்றது இருபது ஆண்டு கழித்து என்று பிரித்தது ஏரிக்கு விலையாயிற்று. இரண்டாவது, மலைக்கு அப்பால் போகும் நீரின் தரத்தை ஏரிக்குரிய தரத்திலேயே வைத்திருக்க வேண்டும். பாஸ்பரஸ் அகற்றலை நிறுத்தியது வாரியத்தின் செலவைக் குறைத்தது. அந்தச் செலவு இந்தியன் கிரீக்கின் வண்டலில் எழுதப்பட்டது. பழைய குழாயின் பகுதிகளை மாற்றவேண்டிய காலம் இது. அதற்கான பணத்தோடு, ஆல்பைன் கவுண்டிக்குப் போகும் நீரில் பாஸ்பரஸ் நீக்கும் பிரிவை மறுபடி இயக்குவதற்கான பணத்தையும் கேட்பதுதான் நியாயம். அதற்கான தொட்டிக்கும் உலைக்கும் வேண்டிய பொறியியல் 1965இலேயே அந்த ஊரில் எழுதப்பட்டுவிட்டது.